பின்சக்கரத்துக்கு ஒரு டயர்

"இன்னும் கொஞ்சம் தூக்கு ரேணு. கை எட்டலே."

ரேணுகாம்பாள் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, அண்ணனின் அக்குளுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். தூக்குவதற்கு அங்கே பாரம் ஒன்றுமில்லை. கோதண்டபாணியும் அவருடைய சேலை மூட்டையும் ஏறினால் புல்லட் வண்டியே ஒரு முனகல் முனகும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அந்த உடம்பு இப்போது காய்ந்த வாழைமட்டை மாதிரி அவள் மார்பில் சாய்ந்து கிடந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினார். கட்டைவிரல் நகத்தை டயரின் மேல் வைத்து அழுத்தினார்.

டயரைக் கட்டிலோரமாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தவன் தணிகாசலம், அவர் மனைவி காந்தாவின் தம்பி.

"அமுங்குது பாரு," என்றார் கோதண்டபாணி. "இளசு. பெங்களூருக்கு நாலு தபா போயி வந்தா பட்டன் பூரா தேஞ்சி மொட்டையாப் பூடும். அந்த இன்னொண்ணைக் கொண்டா."

தணிகாசலம் முதல் டயரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசற்படியோரம் கிடந்த மற்றதை உருட்டிக்கொண்டு வந்தான். புது ரப்பர் வாடை கூடம் முழுவதும் பரவி, கஷாய வாடையையும் கட்டிலுக்குக் கீழே கிடந்த துணிகளின் வாடையையும் அமுக்கிவிட்டது. கோதண்டபாணி மறுபடியும் நகத்தை வைத்தார். நகம் வெளுத்ததே தவிர ரப்பரில் ஒரு கீறல் விழவில்லை.

"எறங்கலே," என்றார். முகத்தில் ஒரு களை வந்தது.

"கல்லு மாதிரி இருக்குது மாமா. மூணு வருசத்துக்குப் பின்னாடி திரும்பிப் பார்க்க வோணாம்னு கடைக்காரரு சொல்றாரு."

"மூணு வருசம்," என்றார் கோதண்டபாணி, வெல்லக்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டவர் மாதிரி.

அடுக்களை வாசலில் நின்றிருந்த காந்தா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டி போகாத இடமெல்லாம் போயிருக்கிறது என்று அப்படியே மூடித் தைத்து அனுப்பியிருந்தார்கள். "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவரிடம் எதுவும் சொல்லி மனசை உடைக்காதீர்கள். ஆசைப்பட்டுக் கேட்பதை வாங்கிக் கொடுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாகப்போகிறவர்கள் என்னென்னவோ கேட்பார்கள். இளநீர் கேட்பார்கள், கருவாட்டுக் குழம்பு கேட்பார்கள், பேசாமல் விட்ட உறவைக் கூப்பிடச் சொல்வார்கள். கோதண்டபாணி கேட்டது வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒரு நல்ல டயர்.

பின்சக்கரம் அவருக்குச் சாதாரண விஷயம் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் நெய்கிற சேலைகளை வாங்கி மூட்டை கட்டி, வண்டியின் பின்னால் வைத்துக் கயிறு இறுக்கிக் கிளம்பினால் சித்தூர், கோலார், பெங்களூர், மைசூர் என்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவார். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற வியாபாரிகளைக் கண்டால் அவருக்கு இளக்காரம். முன்சக்கரம் வழி காட்டுகிறது, அவ்வளவுதான், பாரமெல்லாம் பின்சக்கரத்துக்கு என்பார். ஒரு முன் டயர் தேய்வதற்குள் மூன்று பின் டயர் தேய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் பெண் பார்க்கிற மாதிரிதான் டயர் பார்ப்பார்.

பார்க்கிற விதம்தான் வேடிக்கை. பட்டு இழையின் முறுக்கை நகத்தால் நெருடிப் பார்ப்பது போல ரப்பரையும் நெருடுவார். சேலையைக் கையில் வைத்துக் கனம் பார்ப்பது போல டயரையும் தூக்கிப் பார்ப்பார். கனத்த சேலை தலைமுறைக்கு நிற்கும், கனத்த டயரும் அப்படித்தான் என்பது அவர் கணக்கு. "அண்ணே, கெட்டி ரப்பரு தேயாது, வாஸ்தவம். ஆனா மழைத் தண்ணியிலே ரோட்டைப் பிடிக்காது. ரப்பரு கொஞ்சம் தேஞ்சாத்தான் ஆளு தேயாம இருப்பான்" என்று மெக்கானிக் வீராசாமி ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். வாலாஜா தாண்டி ஒரு மழையில் வண்டியோடு சறுக்கி விழுந்து முழங்கை உடைந்தபோதும் கோதண்டபாணி கேட்கவில்லை. "எங்கப்பன் பட்டுக்கு நகம் வெச்சா தப்பாது. எனக்கும் தப்பாது" என்றார்.

இப்போது அந்த நகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் அது கெட்டி ரப்பரின் மேல் போய்ப் போய் நின்றது.

ரேணுகாம்பாளுக்கு அன்று காலையில் ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. பின்கட்டில், கிணற்றைப் பார்த்த மாதிரி இருக்கிற அந்த அறை.

மாகறலில் வாழப்போன இடத்தில் புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்தபோது, ஒரு டிரங்குப் பெட்டியும், தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற ராட்டையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். "நான் இருக்கிற வரைக்கும் அந்த ரூமு உன்னுது" என்று அன்றைக்குக் கோதண்டபாணி சொன்னார். அதற்குப் பிறகு அந்த அறையில் உட்கார்ந்து ஊரார் தறிக்கெல்லாம் தார் சுற்றித் தன் சோற்றுக்குத் தானே தேடிக்கொண்டாள். இருக்கிற வரைக்கும் என்றால் எது வரைக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தூக்கி வருகிற வரைக்கும். அவர் வந்த மறுநாளே தணிகாசலத்தின் மனைவி பின்கட்டுக்கு வந்து, கதவைத் தள்ளி, தலையை மட்டும் உள்ளே விட்டு, "இங்கே ரெண்டு கட்டில் போடலாமா அண்ணி?" என்று காந்தாவைக் கேட்டாள். ரேணுகாம்பாள் உள்ளேதான் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கோதண்டபாணிக்கு ஒரே பெண். அவளும் அம்பாலாவில் பட்டாளத்துக்காரனோடு இருந்தாள். இனி வீடு காந்தாவினுடையது. காந்தாவினுடையது என்றால் அவள் தம்பியினுடையது.

தெருவில் ராமலிங்கம் சொன்னால் எடுபடும். கோதண்டபாணியோடு ஒன்றாகத் தறி பழகிய மனிதர், பொய் பேச மாட்டார், எந்தப் பஞ்சாயத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ரேணுகாம்பாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாள். "அவன் வாயாலே என் எதிர்ல ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. அப்புறம் உன்னை அந்த ரூமை விட்டு எழுப்ப ஒருத்தனும் வர மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். இன்றைக்கு வருகிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

சொன்னபடி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். ரேணுகாம்பாள் அண்ணனைத் தலையணையில் சாய்த்துவிட்டு எழுந்து காபி கொண்டுவந்தாள். காந்தாவும் அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவர் எதற்கு வந்தார் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"எப்படிப்பா இருக்கே, கோதண்டம்?"

"எனக்கு இன்னா? வவுத்துப் புண்ணு. ஆறிக்கினு வருது. நீ இந்த டயரைப் பாரு."

"எனக்கு இன்னாப்பா தெரியும் டயரு? சைக்கிள்ல காத்துப் போனாலே தள்ளிக்கினு போறவன் நான்."

"கை வெச்சிப் பாருய்யா. பட்டு தெரிஞ்ச கைக்கு இது தெரியும்."

ராமலிங்கம் ஒப்புக்கு ஒரு விரலால் தொட்டார். "நல்லாத்தான் இருக்குது." பிறகு காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "வீட்டு விசயம் ஏதாச்சும் பேசணும்னா பேசிடலாம் கோதண்டம். நானும் வந்திருக்கேன்," என்றார்.

"வீட்டு விசயமா? பின்னாடி ரெண்டு ஓடு ஒழுகுது. ஐப்பசி மழைக்குள்ளாற மாத்தணும்."

"அதைச் சொல்லலே."

"வேற இன்னா? தீபாவளி வருது. மைசூர்ல ஒரு சேட்டு அரக்குக் கலர்ல பத்து சேலை கேட்டுக்கினே இருக்கான். பின் டயரு மொட்டையாக் கீதுன்னுதான் நான் கம்முனு படுத்துக்கினு இருக்கேன். இல்லாட்டி போன வாரமே கெளம்பியிருப்பேன்."

தணிகாசலம் குனிந்துகொண்டு டயரின் ஓரத்தைத் தடவினான். அவன் சிரிப்பை அடக்குகிறான் என்பது ரேணுகாம்பாளுக்குத் தெரிந்தது. வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு, பெட்ரோல் தொட்டியில் தன் பேரின் முதல் எழுத்தை அவன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான், ஆணியால், சின்னதாக, சீட்டை ஒட்டி. 

"ராமலிங்கண்ணா இன்னாத்துக்கு வந்தாருன்னு கேளு அண்ணா," என்றாள் ரேணுகாம்பாள்.

"என்னைப் பார்க்க வந்தான். வேற எதுக்கு வருவான்? தணிகாசலம், இதுக்குப் பக்கவாட்டுல நூலு எத்தினி அடுக்குன்னு கேட்டியா?"

"நாலு அடுக்கு மாமா."

"ஆறு வருதாமே லாரிக்கு?"

"அது லாரிக்கு மாமா."

"தெரியும்டா. கேட்டேன்."

இப்படியே போயிற்று. ராமலிங்கம் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். ஒவ்வொரு முறையும் கோதண்டபாணி டயரில் போய் ஒளிந்துகொண்டார். பட்டன் நேராக இருந்தால் நல்லதா, கோணலாக இருந்தால் நல்லதா என்றார். பாரம் ஏற்றினால் நடுவில் தேயுமா, ஓரத்தில் தேயுமா என்றார். காந்தா நிலைப்படியை விட்டு அசையவில்லை. கடைசியில் ராமலிங்கம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ. நான் இன்னொரு நாளு வர்றேன்," என்று முழங்காலில் கையை ஊன்றினார்.

இன்னொரு நாள் இல்லை. காலையில் துணி மாற்றும்போதே ரேணுகாம்பாள் அண்ணனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருந்தாள். கணுக்கால் வரைக்கும் சில்லிட்டிருந்தது.

அவள் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்த டயரு உனக்கில்லே."

கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தார்.

"நீ பொழைக்க மாட்டே. வவுத்துல புண்ணு இல்லே, கட்டி. ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெச்சி அனுப்பிச்சிட்டாங்க. இங்கே நிக்கிற எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் சொல்லலே. அந்த டயரு தணிகாசலம் ஓட்டுறதுக்கு. உன் வாயாலேயே பொறுக்கி எடுத்து வாங்கிக்கினு இருக்கான்."

"அடிப் பாவி," என்றாள் காந்தா, சத்தமே வராமல்.

"நான் உன்னாண்ட வேற ஒண்ணியும் கேக்கலே. அந்த ரூமு எனக்குன்னு ராமலிங்கண்ணா எதிர்ல ஒரு வார்த்தை சொல்லிடு. உன் மூச்சு இருக்கும்போதே சொல்லிடு அண்ணா."

சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. அதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்ததுண்டு. பயப்படவில்லை. பரிதாபப்படவும் இல்லை. அவர் கண்கள் விரிந்து, வாய் ஒரு பக்கமாகக் கோணியபோது, காலில் தைத்த முள்ளைப் பிடுங்கி எறிந்தவள் மாதிரி நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தணிகாசலம் டயரைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றான். ராமலிங்கம் பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

கோதண்டபாணி தங்கையைப் பார்த்தார். இழை அறுந்த சேலையை விரித்துப் பார்ப்பாரே, வாங்குவதா திருப்பி அனுப்புவதா என்று, அப்படிப் பார்த்தார். பிறகு முகத்தை ராமலிங்கத்தின் பக்கம் திருப்பினார்.

"சாட்சிக்கா வந்தே?"

ராமலிங்கம் மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"வந்தது வந்தே. கேட்டுக்கோ. வண்டி வெயில்லியும் மழையிலியும் தெருவுல நிக்குது. புது டயரு மாட்டப் போறேன். வெயில்ல நின்னா ரப்பரு வெடிச்சிப்பூடும். பின்னாடி ரூமை ஒழிச்சி வண்டியை உள்ளே விட்டுடணும். இது என் வார்த்தை."

"கோதண்டம்," என்றார் ராமலிங்கம். "அப்போ ரேணு?"

"அவளுக்கு இன்னா? நான்தான் இருக்கேனே."

அதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டே, "கெட்டி டயரையே மாட்டச் சொல்லு. இன்னிக்கே. வீராசாமியைக் கூட்டிக்கினு வா," என்றார்.

ராமலிங்கம் வெளியே போகும்போது நடையில் ரேணுகாம்பாளுக்காக ஒரு நிமிஷம் நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சாகப் போறவன் எதிர்ல நீ அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

"வேற எப்பிடிக் கேக்கறது?"

"எனக்கும் தெரியலே. ஆனா அவன் சொன்னதை நான் காதாலே கேட்டுட்டேன். நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா இல்லேன்னு என்னாலே சொல்ல முடியாது."

"சொல்ல வோணாம்," என்றாள் ரேணுகாம்பாள்.

வீராசாமி வந்து வாசலில் வண்டியைச் சாய்த்து, பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். புது டயரின் விறைப்பு அவனைப் பாடாய்ப்படுத்தியது. லீவரைக் கொடுத்து நெம்புகிற ஒவ்வொரு முறையும் அது உதறிக்கொண்டு ரிம்மில் டங்கென்று அடித்தது. "இது டயரா, செக்கா?" என்று அவன் முணுமுணுத்ததும், தணிகாசலம், "கெட்டியா இருந்தாத்தானேடா உழைக்கும்?" என்றதும், அதற்கு வீராசாமி, "உழைக்கும். அடுத்தவன் பேரனுக்குக்கூட உழைக்கும். நீ மழையில மட்டும் ஓட்டாதே," என்றதும் கூடத்தில் கேட்டன.

ரேணுகாம்பாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் உட்காரவில்லை. காந்தா அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எத்தனை பேருக்கு வேண்டியிருக்கும் என்று யோசித்துக் களைகிறாள் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. ரேணுகாம்பாள் துணியைத் தண்ணீரில் நனைத்து அண்ணனின் உதட்டில் வைத்தாள். அவர் உறிஞ்சினார். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் உறிஞ்சினார். ரிம்மில் அடி விழும்போதெல்லாம் அவருடைய புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியது.

"ரேணு."

அவள் குனிந்தாள். காதை அவர் வாயருகில் கொண்டுபோனாள். மூச்சில் புளித்த வாடை அடித்தது. அவர் கை அவளுடைய கையைத் தேடிப் பிடித்தது. சரி, சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். சாட்சி இல்லாவிட்டால் போகிறது, அவள் காதில் மட்டுமாவது சொல்லட்டும்.

"காத்து எவ்ளோ வெக்கிறான்னு கேட்டுக்கினு வா."

அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

வீராசாமி டயரை மாட்டி முடித்துக் கால் பம்பை மிதித்துக்கொண்டிருந்தான். வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"காத்து எவ்ளோ வெக்கிறேன்னு கேக்குறாரு."

வீராசாமி மிதிப்பதை நிறுத்தினான். "அண்ணனா கேட்டாரு?" என்று சிரித்தான். அவனுக்கு அவர்மேல் பிரியம் உண்டு. "ஒண்டி ஆளாப் போறதுன்னா இருபத்தெட்டு பவுண்டு. மூட்டை கட்டிக்கினு போறதுன்னா முப்பத்திரண்டு. எது வெக்கட்டும்னு கேளும்மா."

அவள் உள்ளே வந்தாள். நடையிலிருந்து பார்க்கும்போது அண்ணன் அப்படியேதான் படுத்திருந்தார். அவள் எழுந்து போகும்போது எப்படி இருந்தாரோ அப்படியே, கை மட்டும் கட்டிலுக்கு வெளியே, அவள் விடுவித்துப் போட்ட இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு வந்தபிறகுதான் கண்ணைப் பார்த்தாள். ஒரு ஈ இமையில் உட்கார்ந்து மெல்ல நடந்தது.

ரேணுகாம்பாள் ஈயை ஓட்டினாள். கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காந்தா இன்னும் அரிசி களைந்துகொண்டுதான் இருந்தாள்.

"ஒண்டியாவா, மூட்டையோடவா?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள், தணிந்த குரலில்.

கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "அண்ணி, வாங்க," என்று கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எந்தச் சாவு வீட்டிலும் நடப்பதுதான். கட்டிலைக் கழற்றினார்கள். தலையைத் தெற்கே வைத்துக் கூடத்தின் நடுவில் பாயில் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். கொள்ளி வைக்கப் பங்காளி மகன் செய்யாற்றிலிருந்து வர வேண்டும் என்று ஆள் போயிற்று. தெருப் பெண்கள் வந்து சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். காந்தா ஒரு பக்கம் இரண்டு பேர் தோளில் சாய்ந்து கிடந்தாள்.

ஒப்பாரி மட்டும் கிளம்பவில்லை. அந்தத் தெருவில் கூடப்பிறந்தவள் முதல் அடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். கூடப்பிறந்தவளோ விளக்குக்கு எண்ணெய் விடுவதும், வருகிறவர்களுக்கு வழி விடுவதுமாக இருந்தாள்.

"எடுத்துக் குடும்மா ரேணு," என்றாள் எதிர்வீட்டுப் பூவம்மாள், எழுபது வயதுக்காரி, ஊரில் ஒரு சாவும் விடாதவள். "உன்னைத் தாங்கின கையி. நீ அழாம யாரு அழுவறது?"

"எண்ணெய் தீந்துபோச்சு. கொண்டாறேன்," என்றாள் ரேணுகாம்பாள்.

"கல் நெஞ்சுக்காரி," என்றாள் பூவம்மாள், அவள் காதில் விழுகிற மாதிரியே. "கடைசி நேரத்துல அவரை இன்னா பேச்சுப் பேசினாளாம் தெரியுமா? காந்தா சொல்லிச் சொல்லி அழுவுது."

அப்போதுதான் மழை பிடித்தது. சொல்லிக்கொள்ளாமல் ஒரே கொட்டாகக் கொட்டியது. வாசலில் பாடை கட்ட மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்கள் நிலைப்படிக்கு ஓடிவந்தார்கள். அங்கே ஏற்கெனவே மேளக்காரர்கள் ஒண்டியிருந்தார்கள். வாசலில் அவசரமாகப் போட்ட பந்தலுக்குக் கீழே கொஞ்ச இடம்தான் நனையாமல் இருந்தது. அந்த இடத்தையும் புல்லட் அடைத்துக்கொண்டு நின்றது.

"வண்டியை எடுத்தாத்தான் பாடை கட்ட முடியும்," என்றார் ஒருவர்.

"எங்கே எடுக்கறது? பின்கட்டுக்குப் போவணும்னா கூடத்து வழியாத்தான் போவணும்."

"பொணம் கெடக்குது. பொணத்தைத் தாண்டியா வண்டியை ஓட்டறது?"

தணிகாசலம் ராமலிங்கத்தைப் பார்த்தான். எல்லோரும் ராமலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"வண்டியைப் பின் ரூமுல வெக்கணும்னு கோதண்டமே சொல்லிட்டுத்தான் போயிருக்கான்," என்றார். "நான் கேட்டேன்."

வாசற்படியில் ஒரு பலகையைச் சாய்த்தார்கள். தணிகாசலம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, வீராசாமி பின்னாலிருந்து தள்ள, புல்லட் மழைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடத்துக்குள் ஏறியது. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காலை மடக்கிக்கொண்டார்கள். காந்தாவைக்கூட யாரோ இழுத்துச் சுவரோரம் நகர்த்தினார்கள்.

"பார்த்து ஓட்டுப்பா. ஆளு மேல ஏத்திடப் போறே," என்றாள் பூவம்மாள்.

"விளக்கை நகத்துங்கம்மா," என்றான் தணிகாசலம்.

ஒருத்தி விளக்கை நகர்த்தினாள். வண்டி கோதண்டபாணியின் வலது தோளுக்குப் பக்கமாக, ஒரு சாண் இடைவெளியில், மெதுவாக உருண்டு போயிற்று. பின்சக்கரம் அவர் பாதத்தைத் தாண்டும்போது மட்டும் வீராசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

அறைக்குச் சாவி ரேணுகாம்பாளின் இடுப்பில் இருந்தது. அவள் முன்னால் போய்ப் பூட்டைத் திறந்தாள். ராட்டையைத் தூக்கி வெளியே கிணற்றடியில் வைத்தாள். டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் சாரல் படாத இடமாகப் பார்த்துத் தள்ளினாள். பாயைச் சுருட்டி அதன் மேல் போட்டாள். "இன்னும் கொஞ்சம் தள்ளணும். ஹாண்டில்பாரு இடிக்குது," என்றான் தணிகாசலம் உள்ளேயிருந்து. அவள் கொடியை அவிழ்த்தாள். அதில் கிடந்த சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

தணிகாசலம் கதவைச் சாத்திக்கொண்டு வந்து கையை நீட்டினான். ரேணுகாம்பாள் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"தப்பா நினைச்சிக்காதே," என்றான் அவன்.

"வண்டியைத் துடைச்சி வையி. ஈரத்தோட விட்டா துரு பிடிக்கும்," என்றாள் அவள்.

அவள் திரும்பிக் கூடத்துக்கு வரும்போதுதான் கண்ணில் பட்டது. சிவப்புக் காவித் தரையில் வாசற்படியிலிருந்து பின்கட்டு வரைக்கும் சேற்றுத் தடம் விழுந்திருந்தது. முன்சக்கரத்தின் தடத்தை அழித்துக்கொண்டு பின்சக்கரம் போயிருந்தது. ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாக, அப்போதுதான் அச்சில் வார்த்து எடுத்த மாதிரி பதிந்திருந்தது. அண்ணனின் பாய் ஓரத்தையும் அது ஓரிடத்தில் தொட்டுக்கொண்டு போயிருந்தது.

பாடை தூக்குகிறவர்கள் வருகிற வழி. காலை வைத்தால் வழுக்கும்.

அவள் தோளிலிருந்த சேலைகளில் பழையதாக ஒன்றை உருவி எடுத்தாள். கிணற்றடி நிலைப்படியில் மண்டியிட்டு உட்கார்ந்து, தடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துத் துடைத்து முழங்காலாலேயே பின்வாங்கி வந்தாள். அடுக்களை வாசலைத் தாண்டினாள். விளக்கு வெளிச்சம் பட்டது. பாயருகே வந்தபோது சேறு கொஞ்சம் அழுத்தமாகப் படிந்திருந்தது. நன்றாகக் குனிந்து, இரண்டு கைகளாலும் அழுத்தித் தேய்த்தாள். அவளுடைய நெற்றி அண்ணனின் பாதத்தைத் தொட்டும் தொடாமலும் ஏறி இறங்கியது.

"பார்றீ," என்றாள் பூவம்மாள், முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு. "எத்தினி நேரம்தான் அடக்கி வெச்சிருப்பா? அண்ணன் காலுல வுழுந்துட்டா."

சுவரோரம் இருந்த அத்தனை பெண்களும் தலைவிரித்துக்கொண்டு எழுந்து, வட்டமாக நின்று, மார்பில் அடித்துக்கொண்டு ஒரே குரலாக ஒப்பாரியை எடுத்தார்கள். வாசலில் மேளம் முழங்க ஆரம்பித்தது.

ரேணுகாம்பாள் சேலையைப் பிழிந்து மடித்துப் பிடித்துக்கொண்டு, அவர்கள் கால்களுக்கு நடுவே புகுந்து, வாசற்படி வரைக்கும் மிச்சமிருந்ததைத் துடைக்கப் போனாள்.